தெரிந்தும் ஏன் மாறுவதில்லை? பதின்ம வயதினரின் உணவுப் பழக்கமும் நடத்தை மாற்றத் திட்டங்களும்

மட்டக்களப்பு மாவட்டத்துப் பாடசாலையொன்றில் ஆரோக்கிய உணவு பற்றி நடந்த கருத்தரங்குக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சென்றிருந்தேன். தரம் 9, 10 மாணவர்கள் மண்டபம் நிறைய இருந்தார்கள். சீனி, உப்பு, எண்ணெய் பற்றி ஒன்றரை மணி நேரம் படங்களுடன் விளக்கம் நடந்தது. இடையிடையே கேட்ட கேள்விகளுக்குப் பிள்ளைகள் பிழையில்லாமல் பதில் சொன்னார்கள். முடிந்ததும் வாசலில் ஆளுக்கொரு சிற்றுண்டிப் பொதி கொடுத்தார்கள். உள்ளே பொரித்த ரோல்ஸ் ஒன்று, ஐசிங் பூசிய கேக் துண்டு ஒன்று, சின்னச் சோடாப் போத்தல் ஒன்று. ஏற்பாட்டாளர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கூட்டமென்றால் பொதி, பொதியென்றால் ரோல்ஸ் என்பது நம்மிடம் ஊறிப்போன வழக்கம். ஆனால் அந்த நிகழ்வு பின்னர் அறிக்கையில் ‘நடத்தை மாற்ற நிகழ்ச்சித்திட்டம்’ என்று பதிவானதைப் பார்த்தபோதுதான், அந்தச் சொல்லின் பொருளை எவ்வளவு தளர்வாகப் புழங்குகிறோம் என்று உறைத்தது.

விழிப்புணர்வு வேறு, நடத்தை மாற்றம் வேறு

உரை நிகழ்த்துவதும் துண்டுப்பிரசுரம் கொடுப்பதும் வீதி நாடகம் போடுவதும் விழிப்புணர்வூட்டல், அதாவது அறியாதவருக்கு ஒன்றை அறியச் செய்தல். நடத்தை மாற்றத் திட்டம் என்பது வேறு. குறிப்பிட்ட ஒரு கூட்டத்தார், குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட இடத்தில் செய்யும் ஒரே ஒரு செயலை எடுத்து, அது ஏன் அப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து, அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் செயல் மாறியதா என்று அளந்து பார்ப்பதே அது. ‘ஆரோக்கியமாகச் சாப்பிடுதல்’ ஒரு செயலன்று. அது நூறு செயல்களுக்கு இட்ட பொதுப்பெயர். ‘இடைவேளையில் சோடாவுக்குப் பதில் தண்ணீர் குடித்தல்’ என்றால் அது ஒரு செயல். அதைக் கண்ணால் காணலாம், எண்ணலாம்.

வயல் வேலை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாய்க்கால் தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேரவில்லையென்றால், யாரும் வரம்பில் நின்று தண்ணீருக்கு நியாயம் சொல்வதில்லை. எந்த வரம்பு உடைந்திருக்கிறது, எந்த வக்கடை அடைபட்டிருக்கிறது என்று நடந்து பார்த்து, மண்வெட்டியால் ஓரிடத்தில் அடைத்து, இன்னோரிடத்தில் திறந்துவிடுகிறோம். பிள்ளைகள் தண்ணீர் அல்லர், அவர்களுக்குச் சொந்த விருப்பு வெறுப்பு உண்டு என்பதால் இந்த உவமை முழுதாகப் பொருந்தாது. ஆயினும், எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்க்காமல் பேசிக்கொண்டே இருப்பதுதான் நமது கருத்தரங்குகளின் குறை என்பதை அது காட்டிவிடுகிறது.

இந்த வயதின் இயல்பு

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களைப் பதின்ம வயதினர் என்று வகுக்கிறது. இந்த ஆண்டுகளில் உயரமும் எடையும் விரைந்து கூடுகின்றன. ஆகவே பசியும் உண்மையாகவே கூடுகிறது. ‘எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு’ என்று வீட்டில் ஏசப்படும் பையன் பெரும்பாலும் தன் உடல் கேட்பதைத்தான் கேட்கிறான். மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துத் தேவை ஏறுகிறது. சோற்றோடு சேர்த்துப் பிளேன்ரீ குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறைகிறது. அதே கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்துவிட்டால் அதிலுள்ள உயிர்ச்சத்து சி இரும்பு சேர்வதைக் கூட்டுகிறது. பெரிய செலவு இல்லாமல் செய்யக்கூடிய மாற்றம் இது.

மூளையிலும் ஒரு சமச்சீரின்மை உண்டு. உடனடி இன்பத்தையும் கூட்டாளிகளின் மதிப்பையும் நாடும் பகுதிகள் இந்த வயதில் மிகுந்த உசாராக இருக்கின்றன. பின்விளைவை எண்ணி நிதானிக்கும் முன்மூளைப் பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. நாற்பது வயதில் வரக்கூடிய நீரிழிவைக் காட்டிப் பதினான்கு வயதுப் பிள்ளையை அச்சுறுத்துவது அதனால்தான் பலிப்பதில்லை. நாற்பது என்பது அந்தப் பிள்ளைக்கு வேறு யாருடையவோ வயது.

ஒரு சோடாப் போத்தலும் மூன்று கேள்விகளும்

மாலை ஐந்தேகால். கல்லடியில் ஒரு ரியூசன் வகுப்பு விடுகிறது. தரம் 9 படிக்கும் மூவர் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வீதியோரக் கடைக்கு வருகிறார்கள். கண்ணாடிக் கதவு போட்ட குளிரூட்டி வாசலிலேயே நிற்கிறது. உள்ளே விளக்கு எரிகிறது, போத்தல்களில் நீர் முத்துமுத்தாய் அரும்பியிருக்கிறது. மூவரும் சில்லறை சேர்க்கிறார்கள். ஒருவன் “அண்ணன், அதையே தாங்க” என்கிறான். ‘அதையே’ என்றால் எது என்று கடைக்காரர் கேட்பதில்லை. 400 மில்லிலீற்றர்ப் போத்தல் கைமாறிக் கைமாறி இரண்டு நிமிடத்தில் காலியாகிறது. இன்று காசு குறைந்தவர் அந்தக் கடனைத் தீர்க்க நாளை வாங்குவார். நாளடைவில் ஆளுக்கொரு போத்தலாகும்.

இந்த இரண்டு நிமிடங்களை விளக்கப் பயன்படும் ஒரு சட்டகத்தை 2011 இல் சூசன் மிச்சி, மார்ட்ஜே வான் ஸ்ட்ராலன், ரொபர்ட் வெஸ்ட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எந்த நடத்தையும் நிகழ மூன்று வேண்டும் என்கிறது அது: இயலுமை, வாய்ப்பு, ஊக்கம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நடத்தை நிகழாது, அல்லது நிலைக்காது.

இயலுமை என்பது, செய்வதற்கான அறிவும் திறனும் ஒருவரிடம் இருப்பது. அந்தப் போத்தலில் ஒரு வண்ண வட்டம் உண்டு. இனிப்புப் பானங்களில் உள்ள சீனியின் அளவை நிறத்தால் காட்டும் முறை இலங்கையில் 2016 இல் நடைமுறைக்கு வந்தது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேலென்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை. மஞ்சளென்றால் பரவாயில்லை என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனியுள்ள பானத்துக்கும் மஞ்சள் நிறந்தான். அதில் 400 மில்லிலீற்றர் குடித்தால் 40 கிராம் சீனி. தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்தால் எட்டுக் கரண்டி. உணவில் சேர்க்கப்படும் சீனியிலிருந்து வரும் சக்தி மொத்தத்தில் 10 வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், 5 வீதத்துக்குக் குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். பிளேன்ரீக்கு எட்டுக் கரண்டி சீனி போட்டுத் தந்தால் அந்தப் பையனே முகத்தைச் சுளிப்பான். குளிரும் வாயுவும் புளிப்பும் அந்த இனிப்பை மறைத்துவிடுகின்றன. இந்தக் கணக்கைப் போடத் தெரிவது இயலுமை. கருத்தரங்கு கொடுக்கக்கூடியது இதை மட்டுமே.

வாய்ப்பு என்பது, செயலை எளிதாக்கும் அல்லது தடுக்கும் வெளிச்சூழல். அதில் ஒரு பாதி பொருள் சார்ந்தது. குளிரூட்டி வாசலில் நிற்கிறது. குடிநீரோ எங்கும் கண்ணில் படுவதில்லை, வேண்டுமென்றால் அதையும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். பாடசாலையில் குழாய் இருந்தாலும் கதை முடிவதில்லை. வாவிக்கரையை அண்டிய சில ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பு. வீட்டிலிருந்து கொண்டுவந்தால்தான் உண்டு. இதைவிட யாரும் வெளியில் பேசாத காரணம் ஒன்றுண்டு. கழிப்பறை நன்றாக இல்லாத பாடசாலைகளில் பெண்பிள்ளைகள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், கழிப்பறைக்குப் போகும் தேவை வரக்கூடாது என்பதற்காக. இங்கே தண்ணீரின் நன்மை பற்றி உரை நிகழ்த்துவதைவிடக் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடுவது நல்ல நடத்தை மாற்றத் திட்டம்.

வாய்ப்பின் மறுபாதி சமூகம் சார்ந்தது. மூவர் காசு போடும்போது ஒருவன் மட்டும் ‘எனக்குத் தண்ணீர் போதும்’ என்றால் அவனைக் கஞ்சன் என்பார்கள், அல்லது வருத்தக்காரனா என்று கேட்பார்கள். அந்தப் போத்தல் ஒரு பானமாக மட்டும் அவர்களுக்கு இல்லை. வகுப்பு முடிந்தபின் சேர்ந்து நிற்பதற்கு அது ஒரு காரணம். அதைப் பறிக்கும் திட்டம், சேர்ந்து நிற்க வேறொன்றைக் கொடுக்க வேண்டும்.

ஊக்கம் என்பது, ஒருவரை ஒரு செயலை நோக்கித் தள்ளும் உள்விசை. இது சிந்தித்து எழுவதாகவும் இருக்கலாம், சிந்திக்காமலே எழுவதாகவும் இருக்கலாம். ‘இனிச் சோடா குடிப்பதில்லை’ என்று தீர்மானிப்பது முதல் வகை. ‘அதையே தாங்க’ என்று வாய் தானாகச் சொல்வது இரண்டாம் வகை. வெயிலில் வந்த களைப்பில் இரண்டாவதுதான் பெரும்பாலும் வெல்கிறது.

ஆக, ‘பிள்ளைகளுக்கு அறிவுரை ஏறுவதில்லை’ என்று சலித்துக்கொள்வதற்கு முன், இயலுமையா, வாய்ப்பா, ஊக்கமா, எது குறைகிறது என்று கேட்க வேண்டும். அறிவு ஏற்கெனவே இருக்கும் இடத்தில் மேலும் அறிவைக் கொட்டுவது, நிறைந்த குடத்தில் தண்ணீர் வார்ப்பதைப் போன்றது.

பழக்கம் எப்படிப் படிகிறது

ஒரே சூழலில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, சூழலில் உள்ள ஏதோ ஒன்று அந்தச் செயலைத் தானாக எழுப்பத் தொடங்குகிறது. அதற்குத் தூண்டற்குறி என்று பெயர். வகுப்பு முடியும் மணி, கடை வாசலின் விளக்கு, கூட்டாளியின் முகம் யாவும் தூண்டற்குறிகளே. பழக்கத்தை வெறும் மனவுறுதியால் முறிப்பது கடினம். தூண்டற்குறியை மாற்றுவது, அல்லது அதே குறிக்கு வேறொரு செயலைக் கட்டிவிடுவது எளிது.

இப்படிக் கட்டுவதற்கு உளவியலில் எளிய உத்தி ஒன்றுண்டு. பீட்டர் கோல்விட்சர் என்பவரின் ஆய்வுகளால் அது பரவலாக அறியப்பட்டது. ‘நன்றாகச் சாப்பிடுவேன்’ என்ற பொதுத் தீர்மானத்துக்குப் பதில், ‘இன்னது நேர்ந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. ‘வகுப்பு மணி அடித்ததும் பையிலுள்ள தண்ணீர்ப் போத்தலை எடுத்து முதலில் அரைப்போத்தல் குடிப்பேன், அதன் பிறகுதான் கடைப்பக்கம் போவேன்.’ இதில் தடை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தாகம் அடங்கியபின் கடைக்குப் போகிறவனுக்குச் சோடா அவ்வளவு அவசரமாகத் தோன்றாது.

எத்தனை நாளில் ஒரு செயல் பழக்கமாகும்? ‘21 நாள்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். லண்டனில் 96 பேரைக் கொண்டு செய்யப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வில், சாப்பாட்டோடு பழம் உண்ணுதல், தண்ணீர் குடித்தல் போன்ற எளிய செயல்கள் தானாக நிகழும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாட்கள் ஆயின; ஆளுக்காள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபாடு இருந்தது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு நாள் கருத்தரங்கும் ‘ஆரோக்கிய வார’மும் ஏன் போதாதென்பதற்கு இந்த எண்களே போதும்.

இளங்கன்றின் வீம்பைப் பயன்படுத்துதல்

பெரியவர்கள் சொன்னால் அதற்கு எதிராகச் செய்யத் தோன்றும் வயது இது. இந்த வீம்பையே கருவியாக்கிய ஒரு சோதனையைக் கிறிஸ்டோபர் பிரையன், டேவிட் யேகர் ஆகியோர் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தரம் 8 மாணவர்களிடம் நடத்தி 2016 இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சுகாதாரப் பாடம் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு, நொறுக்குத்தீனி நிறுவனங்கள் பிள்ளைகளைத் தொடர்ந்து உண்ணவைக்கும்படி பொருட்களை வடிவமைப்பதும் சிறுவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் எவ்வாறு என்று காட்டப்பட்டது. அவற்றை மறுப்பது, தன்னை ஏமாற்ற வருபவரை எதிர்த்து நிற்பதாக முன்வைக்கப்பட்டது. மறுநாள், இப்பாடத்தோடு தொடர்பில்லாத ஒரு பாராட்டு என்ற பெயரில் சிற்றுண்டிப் பொதிக்குத் தெரிவு செய்யச் சொன்னபோது, இரண்டாவது குழுவினர் ஆரோக்கியமான பொருட்களைக் கூடுதலாகத் தெரிவு செய்தார்கள். 2019 இல் வெளியான தொடர் ஆய்வில், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் பையன்கள் வாங்கியவற்றில் இந்த விளைவு பாடசாலை ஆண்டின் மிஞ்சிய மூன்று மாதங்களும் நீடித்தது.

நமது பொதியில் ரோல்ஸ் இருந்தது. அவர்களோ பொதியையே அளவுகோலாக்கினார்கள். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

கூட்டாளிகளின் வலிமையும் இப்படியே. பாடசாலையின் சுகாதாரக் கழகத்துக்கு எப்போதும் கெட்டிக்கார, அடக்கமான பிள்ளைகளையே ஆசிரியர்கள் பொறுக்குகிறார்கள். ஆனால் வகுப்பில் மற்றவர்கள் யாரைப் பார்த்து நடக்கிறார்களோ அந்தப் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். அது பெரும்பாலும் கால்பந்து அணித் தலைவனாகவோ பின்வரிசையில் இருந்து சிரிக்க வைப்பவளாகவோ இருக்கும். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்பதை உளவியலாளர் அல்பேட் பண்டுரா விரிவாக ஆராய்ந்தார். ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்று ஒருவர் தன்னைப் பற்றி நம்புவதற்குத் தன்திறன் நம்பிக்கை என்று அவர் பெயரிட்டார்; தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காணும்போது அந்த நம்பிக்கை வளர்கிறது.

எமது பாடசாலைகளில் எங்கே தொடங்கலாம்

கன்ரீனில் விற்கக்கூடியவை பற்றிக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் உள்ளன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கிறார். தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. கட்டமைப்பு இல்லாமல் இல்லை. குறை, கன்ரீனை எடுத்தவரின் கணக்கை யாரும் கேட்காததில் இருக்கிறது. அவித்த கடலையும் கௌபியும் காலையில் தாளித்து வைத்தால் பத்தரை மணிக்குள் விற்றாக வேண்டும். விற்காவிட்டால் பின்னேரம் புளித்துவிடும், நட்டம் அவருக்கு. பக்கெற்றில் அடைத்த நொறுக்குத்தீனி மாதக்கணக்கில் இருக்கும். ஆகவே ‘விற்காதே’ என்று கட்டளையிடுவதோடு நிற்காமல், முதல்நாளே வகுப்புவாரியாக எத்தனை பேருக்கு வேண்டும் என்று எண்ணிச் சொல்லும் பொறுப்பைச் சுகாதாரக் கழகம் எடுத்தால் அவருடைய பயம் தீரும். இது கன்ரீன்காரருக்கான நடத்தை மாற்றம். பிள்ளைகளின் நடத்தை அதன் பின்னால் வரும்.

வைக்கும் இடமும் முக்கியம். கொய்யாவும் பப்பாசித் துண்டும் காசு வாங்கும் இடத்தில் கண்ணுக்கு நேரே இருந்து, பொரித்தவை உள்ளே தள்ளி இருந்தால், எதையும் தடைசெய்யாமலே தெரிவுகள் நகரும். வெட்டிய கொய்யாவில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவுவதைக் கண்டு சிலர் உப்பென்று பதறுவார்கள். என் கருத்தில், பிள்ளை பழத்தை உண்ணத் தொடங்கட்டும். உப்பைப் பிறகு குறைக்கலாம்.

காலை உணவும் இப்படி ஆராயத்தக்கது. ஆறு மணி வகுப்புக்குப் போகும் மாணவி வீட்டில் பிட்டும் சம்பலும் இருந்தும் உண்பதில்லை. தாய் ‘பிள்ளைக்குச் சாப்பாட்டில் அக்கறையில்லை’ என்கிறார். உண்மையில் அந்த நேரத்தில் அவளுக்குப் பசியே எடுப்பதில்லை. ஏழு மணிக்கு எடுக்கும்போது உண்ண இடமில்லை. வகுப்புக்கும் பாடசாலைக்கும் இடையில் பதினைந்து நிமிடமும் அமர்ந்து உண்ண ஒரு வாங்கும் கிடைத்தால், அதே பிட்டு உணவுப் பெட்டியில் போய் உண்ணப்படும். இங்கே குறைந்தது வாய்ப்பு. நாம் குற்றம் சாட்டியதோ ஊக்கத்தை.

காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் நோன்பு மாதம் உணவு நேரங்களையே மாற்றிவிடும். கோயில் திருவிழாக் காலத்தில் விரதமும் அன்னதானமும் மாறிமாறி வரும். திட்டத்தின் நாட்காட்டி இவற்றை அறிந்திருக்க வேண்டும். பண்டிகைப் பலகாரத்தோடு மல்லுக்கு நிற்பது வீண். கேடு செய்வது ஆண்டில் சில நாள் உண்பது அல்ல, நாள்தோறும் உண்பது.

எடையைப் பற்றி ஒரு எச்சரிக்கை

வகுப்பின் முன் பிள்ளைகளின் எடையை அளந்து உரக்க வாசிக்கும் வழக்கத்தை அடியோடு கைவிட வேண்டும். அவமானம் உணவைச் சீராக்குவதில்லை. ஒளித்து உண்பதற்கும் பட்டினி கிடப்பதற்கும் அது வழிகாட்டுகிறது. மேலும், ஒரே வகுப்பில் எடை கூடியவர்களும் மெலிந்தவர்களும் அருகருகே இருக்கிறார்கள். ‘குறைத்துச் சாப்பிடு’ என்ற பொதுச் செய்தி, கூட்டிச் சாப்பிட வேண்டிய பிள்ளையின் காதிலும் விழுகிறது. அதனால் திட்டம் உடலைப் பற்றிப் பேசாமல், எல்லோருக்கும் பொருந்தும் செயலைப் பற்றிப் பேச வேண்டும்: தண்ணீர், பழம், கீரை, காலை உணவு.

மாறியதென்று எப்படித் தெரியும்

பிள்ளைகளிடம் கேட்டால் ஆசிரியர் விரும்பும் பதிலையே சொல்வார்கள். அது பொய்யன்று, மரியாதை. ஆகவே கேட்பதைவிட எண்ணுவது நல்லது. தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் கன்ரீனில் விற்ற இனிப்புப் பானங்களையும் பழங்களையும் எண்ணி வைத்து, பிறகு அதே முறையில் எண்ண வேண்டும். திட்டம் நடக்காத அயற்பாடசாலை ஒன்றிலும் எண்ணினால், மாற்றம் திட்டத்தால் வந்ததா, அல்லது விலையேற்றத்தாலோ மழையாலோ வந்ததா என்று பிரித்தறியலாம்.

ஒரே திட்டம் எல்லோரையும் ஒரே விதமாக மாற்றுவதுமில்லை. 1995 முதல் இரண்டு பாடசாலை ஆண்டுகள், அமெரிக்காவின் பொஸ்டன் பகுதியில் பத்துப் பாடசாலைகளை இரு கூறாக்கி ஒரு சோதனை நடந்தது. அதில் உணவோடு தொலைக்காட்சி நேரத்தைக் குறைப்பதும் சேர்ந்திருந்தது. பெண்பிள்ளைகளிடையே உடற்பருமன் குறைந்தது; பையன்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆண், பெண் கணக்கைத் தனித்தனியே பார்க்காதிருந்தால் இது புலப்பட்டிருக்காது.

மாற்றம் சரிந்து விழும் இடத்தையும் முன்கூட்டியே ஊகிக்கலாம்: தவணை விடுமுறை. பாடசாலையில் கட்டிய தூண்டற்குறிகள் வீட்டில் இல்லை. நான்கு வாரத்தில் பழைய தெரிவுகள் திரும்பிவிடும். அதைத் தோல்வியென்று எழுதிவிடாமல், புதிய தவணையின் முதல் வாரத்தைத் திட்டத்தின் இரண்டாம் தொடக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை காலை குடிநீர்த் தாங்கி கழுவி நிரப்பப்பட்டிருக்கிறதா, கன்ரீனில் பழத்தட்டு மறுபடியும் முன்னால் வந்திருக்கிறதா, சுகாதாரக் கழகப் பிள்ளைகள் செவ்வாய்க்கிழமைக்கான கடலைக் கணக்கை எடுத்துவிட்டார்களா என்று யாராவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஒருவரின் பெயர் விடுமுறைக்கு முன்பே குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.